வரைபடத்தில் இல்லாத பதினேழு வீடுகள்

அக்கா,

இன்று காலை காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கண்மாய்த் திருப்பத்தில் பஸ் மெதுவானபோது அந்த வாடை வந்தது. ஈரச் சேறும் பறவை எச்சமும் கலந்த வாடை. பக்கத்திலிருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து நின்று பார்த்தேன். கருவேல மரங்களின் தலையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. நாரைகள் வந்துவிட்டன. நீங்கள் இல்லாத முதல் கார்த்திகை இது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் அறிமுகமான விதத்தை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதில் என் தப்பு இருக்கிறது.

அந்தக் கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக்க அரசு முடிவெடுத்திருந்த சமயம். எல்லையை அளந்து வரைபடம் தரும் வேலை நில அளவையரான எனக்கு வந்தது. மூன்று நாள் நடந்தேன். நான்காம் நாள் மழை. கிழக்குக் கரையில் முழங்கால் அளவு சேறு. பழைய வரைபடத்தில் அந்தப் பக்கம் வெறும் புறம்போக்கு என்றுதான் இருந்தது. அதைப் பார்த்தே எல்லைக் கோட்டைப் போட்டேன். ‘குடியிருப்பு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். சேலையில் ஆட்டு மயிர் ஒட்டியிருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருந்த வரைபடத்தை ஒரு நோட்டுத் தாளில் பென்சிலால் பார்த்து வரைந்து கொண்டுவந்திருந்தீர்கள்.

“நீங்கதானே சர்வேயரம்மா? அங்குட்டு யாருமே குடியில்லைன்னு எழுதியிருக்கீக.”

திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் திட்டவில்லை.

“எங்கூட்டுக்கு வந்து ஒருவாய் சோறு சாப்பிடுங்க. சாப்பிட்டதுக்கப்புறமும் யாருமில்லைன்னு தோணுச்சுன்னா, எழுதுனது அப்படியே இருக்கட்டும்.”

அன்றே உங்களோடு பஸ் ஏறினேன். கெளுத்தி மீன் குழம்பு ஊற்றினீர்கள். சாப்பிட்டு முடித்ததும் எண்ணிக் காட்டினீர்கள்: பதினேழு வீடுகள். கிணறு, ஆட்டுக்கொட்டில்கள், ஒரு பால்வாடி. கடைசியாகச் சுடுகாட்டுப் பாதை. உங்கள் மாமனாரைப் புதைத்த இடத்தருகே நின்று, “எங்களைக் காலி பண்ணச் சொன்னா நாங்க நடந்து போயிருவோம். இவுக எந்திரிச்சு எங்க போவாக?” என்றீர்கள்.

திருத்தம் எழுதிக் கொடுத்தால், போகாத இடத்துக்குப் போனதாக நான் எழுதியது வெளியே வந்துவிடும். வேலைக்கு ஆபத்து. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டம் வரை நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. உங்கள் கையால் சாப்பிட்ட பிறகும் திறக்கவில்லை.

கூட்டத்தில் பெரிய அதிகாரி உங்களிடம் கேட்டார். “பதினேழு வீடு இருக்குங்கிறீங்க. மேப்ல ஒண்ணுகூட இல்லையே. இதைப் போட்டது யாரு, நேர்ல வந்தாங்களா இல்லையா?”

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். நீங்கள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள்.

“யார் போட்டா என்னங்கய்யா. ஆளைக் காட்டிக்கொடுக்க நான் வரலை. வந்து வீட்டைப் பாருங்க, கோட்டைத் தள்ளிப் போடுங்க. எங்களுக்கு அது போதும்.”

அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியாமல்தான் எழுந்தேன். “நான்தான் சார். கிழக்குக் கரைக்கு நான் போகலை.” பிறகு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, வேலை தப்பியது. புது எல்லைக் கோட்டை என்னையே போடச் சொன்னார்கள். சேற்றில் நீங்கள் முன்னால் நடந்தீர்கள். வீடுகளும் சுடுகாட்டுப் பாதையும் எல்லைக்கு வெளியே நின்றன.

பதிலுக்கு ஒன்று கேட்டார்கள்: குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கண்மாய்க்குள் ஆடு விடக் கூடாது. ஊரே கத்தியது. அதிக ஆடு வைத்திருந்தது நீங்கள்தான். ஆனால் நீங்கள் கேட்டது இதைத்தான்: “நம்மளக் கெளம்பச் சொன்னப்ப வலிச்சுச்சுல்ல? குஞ்சோட இருக்கிறதை நாம மட்டும் எப்படி எழுப்பிவிடுறது?” அந்த மாசி வரை வரப்பில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஆடுகளுக்குப் போட்டீர்கள். மற்றவர்களும் மெல்ல மெல்ல அதற்குப் பழகினார்கள்.

எல்லாமே நல்லபடி முடிந்தது என்று எழுத முடியாது. உங்கள் கொழுந்தனாரின் கடலைக் கொல்லை கண்மாயை ஒட்டி இருந்தது. கோட்டை அங்கே வளைக்க வழியில்லை; கொல்லை சரணாலயத்துக்குள் போய்விட்டது. “எல்லாரையும் காப்பாத்துனாக, என்னையத் தவிர” என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். உங்கள் நிலத்தில் பாதியை அவரை உழச் சொன்னீர்கள். உழுதார், ஆனால் உங்களோடு பேசவில்லை. நான் வருத்தப்பட்டபோது, “அவரு சொல்றதுல ஞாயம் இருக்கும்மா. கோவிச்சுக்கிட்டா என்ன, வயலு வெளையுதுல்ல” என்றீர்கள். உங்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஜெயித்த பிறகும் தோற்றவர் பக்கம் பார்த்தபடியே இருந்தீர்கள்.

போன மாசியில் உங்களை எடுத்துப்போனபோது மற்றப் பெண்கள் எல்லோரும் வீட்டோடு நின்றுவிட்டார்கள். நான் மட்டும் கரை தொடங்கும் இடம்வரை வந்தேன். கொட்டு காதைப் பிளந்தது. பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தவர் உங்கள் கொழுந்தனார். கரையில் ஏறியதும் அவர் ஒரு கையை உயர்த்தினார்.

“கொட்டை நிறுத்துங்கப்பா. மதினி போறாக. குஞ்செல்லாம் இருக்கு.”

கொட்டு நின்றது. வெடி கொண்டுவந்தவன் அதை மடியிலேயே வைத்துக்கொண்டான். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மரங்களிலிருந்து ஒரு பறவைகூட எழும்பவில்லை.

நான் இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன் அக்கா. காப்புக்காடு, புதுச் சாலை, ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. வெறும் தரை என்று பழைய காகிதம் சொல்லும் இடத்தின் கடைசி முனைவரை நடந்துபோய், “யாராச்சும் இருக்கீகளா?” என்று உரக்கக் கூப்பிடுகிறேன். உடன் வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டுத்தான் எழுதுகிறேன்.