பழைய வாசலிலிருந்து ஒன்பது

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெக்கா,

நான் செய்த தவறுக்கு உன் அப்பாவின் நோய் பழி சுமக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிடலாமா? நான்கு நாளாக என்னையே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாது, நலம் சொல்லி நலம் கேட்டுத் தொடங்க வேண்டும். சரி, இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உடம்பில் வலி என்று எதுவும் இல்லை. அங்கே தெற்குக் கோடியில், பாதகோனியாவில் இப்போது குளிர்காலம் தொடங்கியிருக்கும், நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து அடுப்பு புகைகிறது என்று சொன்னாயே, அதைச் சரி செய்தார்களா? பிள்ளைகள் நம் வெல்ஷ் பாட்டை ஸ்பானிய ராகத்தில் பாடுகிறார்கள் என்று நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். மறுநாள் மறுபடியும் சொன்னேன், அதே அளவு சிரித்தார்.

இந்தக் கடைசி வரியை நீ இரண்டாவது தடவை படித்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் நீ பார்க்கும் அப்பா, நான் சட்டை மாற்றி, தலை வாரி, நீ என்ன கேட்பாய் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து உட்கார வைத்த அப்பா. மறதி நோய் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் மறைத்தது நான்தான், அவர் அல்ல. பெக்காவுக்குச் சொல்லியாச்சா என்று அவர் மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் சொல்லியாச்சு என்றேன். போனில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் சொல்ல முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். கோபப்படு, ஆனால் உடனே கிளம்பி வராதே.

டாக்டர் சொன்ன இன்னொன்று, பழகிய வேலையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது. உன் அப்பாவுக்குப் பழகிய வேலை எது என்று உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக இந்த ஊர் மன்றத்தின் எழுத்தர். பஸ் நிறுத்தத்துக் கூரை, ஊஞ்சலின் அறுந்த சங்கிலி, நாய் அசிங்கம் செய்ததைப் பற்றிய புகார், எரியாத ஒரே ஒரு தெருவிளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இடுகாடு. அதை எடுத்துவிட்டால் காலையில் அவர் எதற்கு எழுந்திருப்பார்? அதனால் நானே எழுத ஆரம்பித்தேன். கூட்டத்தில் அவர் பக்கத்தில் சும்மா துணைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்து குறிப்பெடுப்பேன், வீட்டுக்கு வந்து நடவடிக்கைக் குறிப்பை முழுதும் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். மாவட்டப் பதிவகத்தில் இருபது வருஷமாக அடுத்தவர்களின் ஆவணங்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் உட்கார்ந்து ஒன்றரை வருஷம் பொய் ஆவணம் தயாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மார்ச்சில் மேல்பண்ணை க்விலிம் இறந்துபோனார், அதை உனக்குச் சொன்னேன். சொல்லாதது இதுதான். அன்றைக்கு அப்பாவுக்கு மோசமான நாள், தன் கோட்டைப் போட்டிருந்தபடியே அதையே தேடிக்கொண்டிருந்தார். குழி தோண்ட வெளியூர் ஆள் மறுநாள் காலையில் வருகிறான், அதற்குள் இடத்தில் முளை அடித்து வைக்க வேண்டும். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், மூன்றாம் வரிசை, முப்பது இடத்தில் ஒன்பதாவது. வரைபடத்தில் எண்கள் வாசலிலிருந்து தொடங்குகின்றன. மழையில் போய் வாசலிலிருந்து எண்ணினேன், ஒன்பதாவது இடம் காலியாகப் புல் முளைத்துக் கிடந்தது, அதையே ஆதாரம் என்று எடுத்துக்கொண்டேன். கற்களின் முதுகுப் பக்கமாக வந்தவள் சுற்றிப் போய்ப் பக்கத்துக் கல்லில் யார் பெயர் என்றுகூடப் பார்க்கவில்லை. முளையை அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த இடுகாட்டுக்கு இரண்டு வாசல், பெக்கா. ஆற்றுப் பக்கம் இருந்த பழைய வாசலைச் சாலையை அகலப்படுத்தியபோது கல் வைத்து அடைத்துவிட்டு, மேல் பக்கம் புதிதாக ஒன்று வைத்தார்களாம். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே. வரைபடம் அதற்கும் முந்தையது. எண்ணுவது என்றால் பழைய வாசலிலிருந்துதான் என்று ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததால் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கார்டிஃப்பில் வளர்ந்த எனக்குக் கண்ணுக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான். ஆக, க்விலிமை நான் படுக்க வைத்தது ஆற்றங்கரைப் பண்ணை மென்னாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தில், இறந்துபோன அவள் புருஷன் ஆலனுக்குப் பக்கத்தில். எல்லைக் கல் தகராறில் நாற்பது வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசாத ஆலனும் க்விலிமும் இப்போது தோளோடு தோள்.

அடக்கத்தின்போது யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்பாய். மென்னா இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மற்ற பெண்கள் வழக்கம்போல் தேவாலயக் கூடத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம், குழி வரைக்கும் போனது ஆண்கள் மட்டும். கராஜ் வைத்திருக்கும் இத்வல், இப்போது மன்றத் தலைவர் அவர்தான், தனக்கு அப்போதே சந்தேகம் வந்ததாக இப்போது சொல்கிறார். எழுத்தருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாராம். இன்னும் நாலு பேர் அப்படியே விட்டிருக்கிறார்கள். சவப்பெட்டி கயிற்றில் தொங்கும்போது வாயைத் திறந்து இது யார் இடம் என்று கேட்க நம் ஊர் ஆண்களால் முடியாது.

மென்னா மே மாதம் தடியோடு வீடு திரும்பினாள். முதல் வேலையாகப் பூ எடுத்துக்கொண்டு ஆலனைப் பார்க்கப் போயிருக்கிறாள். அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "உசுரோட இருந்தப்ப ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்காதவங்க. இப்ப ஒரே போர்வையில படுத்திருக்காங்க. நான் எங்க போறது எலெரி, காலடியிலயா? ஆலனுக்கு அந்தப் பக்கம் அவங்கம்மா. கல்யாணமான நாள்லேருந்து அந்தப் பக்கம் அவங்கம்மாதான்" என்றாள். சிரிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அவள் சிரிக்கவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து அவளுக்குக் கை கொடுத்து, ஆலன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவள் அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது, அதுதான் தாங்கவில்லை. அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள், புத்தி கலங்கிய மனிதன் தப்பாக முளை அடித்துவிட்டான் என்று. அன்று மாலைக்குள் ஊரும் முடிவு செய்துவிட்டது.

உடம்பை எடுத்து இடம் மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்கு முன்னால் க்விலிமின் மகன் ஹெவின் சம்மதிக்க வேண்டும். எங்கப்பாவ ஒரு தடவை புதைச்சாச்சு, ரெண்டாவது தடவை என்னால முடியாது என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போன வெள்ளிக்கிழமை இத்வல் வந்தார், தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார். "யாருக்கும் கோவம் இல்ல எலெரி. டெகிட்டுக்கு முடியலன்னு ஊருக்கே தெரியும். விலகுறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டார்னா, நோய்மேல போட்டு அமைதியா முடிச்சுக்கலாம். அவருக்கும் மரியாதை" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், பழ ரொட்டி வெட்டி வைத்தேன்.

நாளைக் கூட்டத்துக்கான அறிவிப்பையும் நான்தான் தட்டச்சு செய்தேன். ஏழாவது பொருள், இடுகாட்டில் எழுத்தரால் நேர்ந்த பிழை. அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டியபோது ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார், ஏழாவதில் விரல் நின்றது. "யாரு செஞ்ச பிழை?" என்று கேட்டார். கையெழுத்துப் போடுங்க, நேரமாகுது என்றேன். போட்டார். கூட்டத்துக்கு முன்னால் மூன்று முழு நாள் இருக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தானே போய்ப் பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டிவிட்டு வந்தார். தன் பெயருக்கு எதிரான காகிதத்தை, ஒரு மூலைகூடத் தூக்காமல்.

எப்படிப் பார்த்தாலும் வேலை போய்விடும், அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். மென்னாவின் இடமும் திரும்பி வரப்போவதில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், இருபத்தாறு வருஷம் ஒரு குழிகூடத் தவறாதவர் என்ற பெயர். நான் எழுந்து சொன்னால் அந்தப் பெயர் நிற்கும். ஆனால் ஒன்றரை வருஷமாக அவரால் எழுதவே முடியவில்லை என்பதும், நான் அதை மறைத்ததும் சேர்ந்து வெளியே வரும், பதிவகத்தில் என்னை யார் நம்புவார்கள்? அந்தச் சம்பளம் இல்லாமல் அவரை வைத்துப் பார்க்க முடியாது. இது நியாயமான பயமா, இல்லை வசதியான பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரார்த்தனை செய்கிறவளாக இருந்தால் இந்நேரம் செய்திருப்பேன். அப்பா இப்போது தோட்டத்தில் நின்று பட்டாணிக் கொடிக்குக் குச்சி நடுகிறார், நேற்று நட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டு.

உனக்குச் சொல்ல வேண்டியவை. அந்தக் கப்பிச் சாலையில் தனியாகக் கார் ஓட்டாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஈரக் காலுறையோடு வகுப்பெடுக்காதே. நீ எடுத்த வேலையை முடித்துவிட்டு வா, நடுவில் விடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி உண்மை பேசுகிறவர்கள் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆசீர்வாதம் இவ்வளவுதான். அப்பாவின் பிறந்தநாள் ஜூலை இருபது, மறக்காமல் கூப்பிடு, நீ யார் என்று முதலில் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பி.

அன்புடன்,
அம்மா

புதன்கிழமை

உறையை ஒட்டவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்குக் கூடினோம், வெளியே இன்னும் நல்ல வெயில். மென்னா பின் பெஞ்சில் தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏழாவது பொருள் வந்ததும் இத்வல், இதில் சொந்த சம்பந்தம் உள்ளவர்கள் விதிப்படி வெளியே போக வேண்டும் என்றார். ஹெவின் எழுந்து போனான், அவன் சித்தப்பா மகன் போனான், மைத்துனன் போனான், மென்னாவின் அக்கா மகன் போனான். இத்வல் தானும் கொஞ்சம் யோசித்துவிட்டு, மென்னா எனக்கும் ஒரு வகையில அத்தை முறை ஆகுதே என்று எழுந்தார். ஏழு உறுப்பினரில் இரண்டு பேர் மிச்சம், மூன்று பேர் இல்லாமல் கூட்டம் இல்லை. வாசல் வரை போனவர் அங்கேயே நின்று, "அப்ப கூட்டம் இல்ல. டீ இருக்கு" என்றார். எல்லாரும் திரும்பி உள்ளே வந்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பேன் என்று நினைத்துத்தான் போனேன். கூட்டம் கலைந்தது என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அப்பா கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து மூன்றாம் வரிசையில் விரல் வைத்தார். "இது என் முளை இல்ல" என்றார். "மேல் வாசல்லேருந்து எண்ணியிருக்கு. நான் என்னைக்கும் ஆத்துப் பக்கத்துலேருந்துதான் எண்ணுவேன். எங்கப்பா எண்ணினதும் அப்படித்தான்." பிறகு யார் மேலும் குற்றமில்லாத குரலில், வழி கேட்பது மாதிரி, "யாரு எண்ணினது?" என்று கேட்டார். இத்வல் தன் கோப்பைக்குள் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

மென்னா தடியைத் தரையில் ஊன்றினாள். "நீ எண்ணுனப்ப இவன் எங்க இருந்தான்?" என்று கேட்டாள். வீட்டில், போட்டிருந்த கோட்டைத் தேடிக்கொண்டு என்றேன். மற்றதையும் சொன்னேன், ஒன்றரை வருஷத்தையும், குறிப்புகளையும். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதிக்கொள்ள ஆள் இல்லை, நடந்தது கூட்டமும் இல்லை. மென்னா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "வா டெகிட். எனக்குச் சரியா எண்ணிக் காட்டு."

எல்லாரும் அவர்கள் பின்னால் இடுகாட்டுக்குப் போனோம். அப்பா அடைத்த வாசலின் கல்லில் கை வைத்துத் தொடங்கினார், ஒவ்வொரு கல்லுக்கும் படுத்திருப்பவரின் பண்ணைப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவதில் நின்றார், க்விலிம் படுத்திருக்க வேண்டிய இடம், காலி. மறுபடி நடந்து இருபத்திரண்டில் நின்றார். புதுமண்ணைப் பார்த்துத் தொப்பியை எடுத்துவிட்டு, "இங்க ஆள் இருக்கே மென்னா" என்றார். அவள் திரும்பி ஹெவினைப் பார்த்தாள். "உங்கப்பன் குறட்டை விடுவானா?" என்று கேட்டாள். "விடுவார்" என்றான் ஹெவின். சம்மதிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் மறுபடி சொல்லவில்லை. மென்னா புல்லில் உட்கார்ந்தாள், அவளை ஆலனோடும் க்விலிமோடும் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

இருபத்திரண்டு இடத்தில் ஒன்றுகூட அவர் தவறவில்லை, பெக்கா. திரும்பும்போது நம் வீட்டு வாசல் வந்தது. அவர் நிற்கவில்லை. நான் கூப்பிடாமல் கூடவே நடந்தேன். பாலம் வரைக்கும் போனோம். அங்கே நின்று, வீடு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார்.