சிலிண்டர் அடியில் எட்டு நட்டு

நவ. 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. தேயிலை ஸ்டோர் கூரைகூடத் தெரியவில்லை. தேயிலை அரைக்கும் மெஷினின் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தேன், பாதியில் பெரிய துரை கூப்பிட்டனுப்பினார்.

சண்டையில் இறந்துபோன பழைய துரையின் தங்கச்சி சீமையிலிருந்து கொழும்புக்கு வந்திருக்கிறாராம். சனிக்கிழமை ரயிலில் அப்புத்தளை. அங்கிருந்து அண்ணனுடைய காரிலேயே பதுளைக்குப் போக வேண்டுமாம். பதுளையில் வெள்ளைக்காரர் கோயில் சுவரில் அண்ணன் பெயர் வெட்டிய கல் இருக்கிறது.

“சவரிமுத்து, கார் நல்லா இருக்குன்னு நீதானே காயிதம் போட்டே? அந்த அம்மா அதை பத்திரமா வச்சிருக்கு. சனிக்கிழமை கார் ஓடணும்.”

“ஆமாங்க” என்றேன்.

சாயந்தரம் வண்டிக் கொட்டகை போனேன். தார்ப்பாயை எடுத்ததும் எலிக்கூடு. டயர் நாலும் வெடிப்பு. இஞ்சினைக் கிளப்ப முன்னால் இருக்கும் சுழற்று கைப்பிடியில் என் முழுப் பாரத்தையும் போட்டேன். அசையவில்லை. இஞ்சினுக்குள் துரு பிடித்து இறுகிவிட்டது.

நவ. 9, செவ்வாய்

மழை. என் பெண்சாதி ஆரோக்கியத்துக்கு இருமல் குறையவில்லை. இஞ்சி வாங்க வேண்டும்.

சிலிண்டரைக் கழற்றித் தூக்கினால்தான் உள்ளே பார்க்க முடியும். அடியில் எட்டு நட்டு. எட்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன.

விட்டுப் பார்த்தவை: மண்ணெண்ணெய். ஆமணக்கெண்ணெய். ஆரோக்கியம் சொல்லி, காடி. ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுத்தேன். மத்தியானத்துக்குள் இரண்டு வந்தன. மூன்றாவதன் மூலைகள் மழுங்கி ஸ்பேனர் வழுக்கியது. கைமுட்டியில் தோல் போயிற்று.

நவ. 10, புதன்

இன்னும் மூன்று வந்தன. ஆக ஐந்து. சந்தோஷமில்லை.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். பழைய துரை சண்டைக்குப் புறப்பட்ட அன்று என் தோளில் கை வைத்து, “மாசம் ஒரு தடவை சிலிண்டர்ல எண்ணெய் விட்டு கைப்பிடியைச் சுத்திப்போடு. நான் வர்ற வரைக்கும்” என்றார். ஆறு மாசம் செய்தேன். பிறகு செய்யவில்லை. காரணம் ஒன்றுமில்லை. எண்ணெய் இருந்தது, நேரமும் இருந்தது. ஒரு மாசம் தவறியது, அடுத்த மாசமும் தவறியது, அப்புறம் கொட்டகைப் பக்கம் போகவே கூசியது.

போர்முனையிலிருந்து காகிதம் போட்டார், கார் எப்படி இருக்கிறது என்று. ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் போய் இங்கிலீசில் பதில் எழுதச் சொன்னேன். ‘கைப்பிடி பட்டுப் போலச் சுற்றுகிறது, துரை வந்தால் அன்றைக்கே ஓட்டலாம்.’ பட்டு என்ற சொல் என்னுடையது. அடியில் கையெழுத்தும் நானே போட்டேன். அடுத்த வருஷம் சாவுச் செய்தி வந்தது.

நவ. 11, வியாழன்

மழை விட்டது. அடிவாரக் கிராமத்திலிருந்து கொல்லர் பண்டா பாஸ் கரிச்சட்டியும் துருத்தியும் கொண்டுவந்தார். நட்டைத் தட்டிப் பார்த்தார்.

“இது வராது, சவரி. ரெண்டு இரும்பு இல்ல இது. ஒண்ணாப் போச்சு.”

“சூடு காட்டிப் பாப்போம், பாஸ்.”

“சிலிண்டர் வார்ப்பிரும்பு. கோவம் வரும்.”

நான்தான் கட்டாயப்படுத்தினேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியை நட்டின் மேல் வைத்தார். ஆறாவது வந்தது. ஏழாவது வந்தது. எட்டாவது, அந்த மூலை மழுங்கியது, உளியால் ஒரு தட்டு தட்டியதும் வெண்ணெய் போலத் திரும்பியது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுவரில் பல்லி சொன்ன மாதிரி அவ்வளவு சின்னச் சத்தம்.

சிலிண்டரில் அடியிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

பாஸ் கரியில் தண்ணீர் ஊற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை ஒட்ட இந்த ஊரில் ஆளில்லை. சீமையிலிருந்து புதுசுதான் வர வேண்டும்.

நவ. 12, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. பெரிய துரைக்குக் காய்ச்சல், பார்க்க முடியாது என்றார்கள். கிளாக்கர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெய் விடாததையும். யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீர் சும்மா இரும். மழையில துருப்பிடிச்சுப் போச்சுது எண்டு நான் சொல்லுறன். கடிதம் எழுதினது என்ர கையெல்லோ?”

நவ. 13, சனி

ஐம்பது வயசிருக்கும் அந்த அம்மாவுக்கு. கறுப்பு உடுப்பு. அண்ணனுடைய அதே மூக்கு. கிளாக்கர் ஐயா கொட்டகைக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மா விரிசலைப் பார்த்தார். காரின் படியேறி அண்ணன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். கிளாக்கர் ஐயா அதைத் தமிழில் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில கடைசி நாளிலயும் தமையன் உம்மட கடிதத்தைத்தான் வாசிப்பிச்சுக் கேட்டவராம். உமக்கு நன்றி சொல்ல வேணும் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தவவாம்.”

எனக்குத் தாங்கவில்லை. “அம்மா, அது பொய்ங்க. ஆறு மாசத்துக்கப்புறம் நான் எண்ணெய் ஊத்தலீங்க. கைப்பிடிய சுத்தவே இல்லீங்க. கார் செத்தது என்னாலதாங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

கிளாக்கர் ஐயா இங்கிலீசில் திருப்பிச் சொன்னார். நீளமாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்தான் புரிந்தது. ‘ரெயின்’. மழை.

அந்த அம்மா இறங்கிவந்து, கட்டுப் போட்ட என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தலையை ஆட்டினேன், இல்லை இல்லை என்று. நான் துக்கத்தில் ஆட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்துத் துரையின் காரில் பதுளைக்குப் போய்விட்டார்.

நவ. 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பதுளையிலிருந்து திரும்பிய அந்த அம்மா காலை ரயிலில் கொழும்பு போகிறாராம். ஆரோக்கியம், “உங்க வாயாலயே இங்கிலீசுல சொல்லிடுங்க. எத்தனை நாளைக்கு இப்படிச் சாப்பிடாம கெடப்பீங்க?” என்றாள்.

ஸ்டேஷனுக்கு நாலு மைல், இறக்கமும் ஏற்றமும். ரோட்டில் வருகிறவன் போகிறவன் பார்க்க, வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ‘மேடம், ஐ நோ ஆயில். லெட்டர் லை.’ எண்ணெய் விடவில்லை, காகிதம் பொய் என்று ஐந்தாறு சொல்தான்.

ஸ்டேஷனில் பனி. ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலில் அந்த அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைக் கண்டுகொண்டார். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்து முகம் அப்படி மலர்ந்துவிட்டது. ஊதல் கேட்டது. கையை ஆட்டினார்.

நானும் ஆட்டினேன்.