படிப்பகத்து ஐந்தாவது கம்ப்யூட்டர்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி

அன்பு மகன் ரெக்சனுக்கு அம்மா பிலோமி எழுதுவது. நடுக்கடலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று பனிமய மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சாப்பிடுகிறேன், பூசைக்குப் போகிறேன், என் சுகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் பொய்யாகிவிடும். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால்தான் உன் கப்பலில் ஏறப்போகிற இனிகோ கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் நீ அழுதுகொண்டே, "நான் அந்த வேலையச் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாவ அம்மா" என்றாய், அதோடு லைன் போய்விட்டது. அதற்குப் பதில்தான் இது, நிதானமாகப் படி. துறைமுகத்துக் கிரேனிலிருந்து ஓய்வு பெற்று இறங்கின பிறகு அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாது, நீ கப்பலில் இருந்தாய். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. குழம்பில் உப்பு இருந்தாலும் சண்டை, இல்லாவிட்டாலும் சண்டை. அப்போதுதான் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கழித்துப்போட்ட ஐந்து கம்ப்யூட்டரைக் கோவில் படிப்பகத்துக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் கண்டதையும் ஏற்றுவார்கள், அது படுத்துவிடும், ரிப்பேர் பார்க்கிறவர் வந்து பார்த்து "இது எடைக்குத்தான் அண்ணாச்சி ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு ரோஷம் வந்து உனக்குப் போன் போட்டார்.

பழசுக்குக் கனமானது எதுவும் வேண்டாம், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுங்கள், ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே அதை அப்படியே ஒரு நகல் எடுத்து இரண்டாவது பகுதியில் வைத்துவிடுங்கள், எவன் கெடுத்தாலும் அதிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நீ சொன்னாய். உன் அறையில் கிடந்த உன் பழைய கம்ப்யூட்டரில்தான் பழகினார். வேண்டுமென்றே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார், "ஏளா பிலோமி, இங்க வா, எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இப்பம் பாரு." திரும்ப வந்ததும் கையைத் தட்டிச் சிரிப்பார். ஆன் பண்ணினதும் வருகிற பட்டியலில் தமிழ் எழுத்து வரவில்லை என்று, இங்கிலீஷ் எழுத்திலேயே "பழையபடி" என்று ஒரு வரி அடித்து வைத்தார், பிள்ளைகள் அந்த வரிக்குப் போய் ஒரு தட்டு தட்டினால் போதும். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது மக்கா? நீ சொல்லிக் கொடுத்த வேலையிலிருந்துதான் வந்தது.

படிப்பகத்தில் நாலு கம்ப்யூட்டர் முடித்துவிட்டார். ஐந்தாவதற்கு நகல் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று காட்டுகிற கோடு திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது தோள் வலிக்கிறது என்று பெவினிடம் சொல்லியிருக்கிறார். பெவினைத் தெரியுமே, படிப்பகத்துச் சாவி வைத்திருப்பானே, அவன்தான் ஆட்டோ பிடித்தான், போகிற வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டான். என் மடியில் சாய்ந்துகொண்டு, "அந்தக் கோடு முழுசா ஓடட்டும்லே, நடுவுல ஆஃப் பண்ணிராத" என்று பெவினிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இருதயக் குழாயில் அடைப்பு வெகுநாளாக இருந்திருக்கிறது, வீட்டில் சும்மா படுத்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதை நீ நம்பு.

அடக்கத்தன்று பெவின் போனைப் பிடித்துக்கொண்டு நின்றும் உனக்கு வானமும் அவன் விரலும்தான் தெரிந்தது என்றாய். நீ பார்க்காததைச் சொல்கிறேன். குழிக்குள் ஒரு பிடி மண் எனக்காகப் போட்டேன், இன்னொரு பிடி உன் பேரைச் சொல்லிப் போட்டேன். எல்லாரும் கதறினார்கள், எனக்குக் கண்ணீர் வரவில்லை, கல்நெஞ்சுக்காரி என்றுகூட யாராவது நினைத்திருப்பார்கள்.

பிறகு பெவின் வந்தான். அன்றைக்குக் கரண்ட் போனதில் அந்த நகல் பாதியில் நின்றிருக்கும் என்றான். "பெரியம்மா, எனக்குத் தனியா அந்தக் கதவத் தொறக்க முடியல, நீங்களும் வாங்களேன்" என்றான். போனேன். அப்பாவின் மூக்குக் கண்ணாடி மேசையிலேயே இருந்தது. பெவின் முதலிலிருந்து ஆரம்பித்தான், கோடு ஓடி முடிகிறவரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சரியாக வந்ததா என்று பார்க்க அவன் வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்தான். திரையில் ஒன்றுமில்லை. பிறகு திரும்ப ஆன் பண்ணி, அப்பா அடித்துவைத்த அந்த வரிக்குப் போய்த் தட்டினான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் மக்கா நான் அழுதேன், பெவின் பயந்துபோய் வெளியே ஓடி ஆள் கூப்பிட்டான்.

இப்போது ஐந்தும் ஓடுகிறது. நேற்றுகூட மாப்பிள்ளையூரணியிலிருந்து அனுசியா என்று ஒரு பெண் வந்து நர்சிங் படிப்புக்கு அதில்தான் விண்ணப்பம் போட்டாள். அதனால் நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே. ஆத்திரத்தில் கப்பலை விட்டு இறங்கவும் வேண்டாம், ஒப்பந்தம் முடித்தே வா. எஞ்சின் அறையில் காதுக்குப் போடுவதைப் போடாமல் நிற்காதே, ராத்திரி ஜெபத்தை விடாதே.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கல்லறைக்குக் கல் பதிக்கிறவர் வந்து என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். என் மகன் வந்து சொல்லுவான் என்று அனுப்பிவிட்டேன். மரச்சிலுவைதான் நிற்கிறது. நீ வருகிறவரை அங்கே யாரும் ஒரு எழுத்தும் எழுத விடமாட்டேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா
வி. பிலோமி