ஒரு சொல்லை எடுத்துவிடு

என் தங்கத்துக்கு,

என் கச்சேரிக்கு நீ அச்சடித்த அழைப்பிதழ் கிடைத்தது. 'நிறைவுக் கச்சேரி' என்று போட்டிருக்கிறாயே, இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் விரல்களைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னதை அப்பா உன்னிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருப்பார். அதை நான் எழுதப் போவதில்லை.

என் மனம் ஆறட்டும் என்று, நாற்பது வயதில் நான் வாசித்த ஒலிப்பதிவை அனுப்பியிருந்தாய். கேட்டோம். வயலினில் விரல்கள் பறக்கின்றன. ஒரு சுரமாவது நின்று மூச்சுவிட வேண்டுமே! "யாரு இது? பஸ்ஸப் பிடிக்க ஓடுற மாதிரி வாசிக்கிறாங்க?" என்றார் அப்பா. நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

இந்த எழுபத்தொரு வயதில் என் சுண்டுவிரல் வேலைக்கு வருவதில்லை. அது தொட்ட இடத்துக்கெல்லாம் மோதிர விரலை மெல்ல இழுத்துக்கொண்டு போகிறேன். அப்படிப் போகும்போதுதான், முப்பது வருடமாகப் பிடிபடாத ஓர் இழைவு போன வாரம் கைக்கு வந்தது. காபி ஆறிப்போனது தெரியாமல் அப்பா கதவோரம் நின்று கேட்டார்.

அதனால் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடி அச்சடி. அப்படியே அடுத்த வருடத்துக்கும் அந்த மண்டபத்தில் ஒரு தேதி கேட்டு வை. மோதிர விரலும் மக்கர் செய்தால் என்ன, இன்னும் இரண்டு விரல் இருக்கிறது.

அம்மா