கல் எடுத்த கதை

அன்பு மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நான்கு பேரும் நலம். இனி ஐந்தாக மாட்டோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல நாக்கு எழவில்லை.

இரண்டாவது பிரசவத்தில் இவள் பிழைத்ததே பெரிது. இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை, இவளுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை செய்யவும் பயமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரியும். இருந்தும், நானே ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டபோது நீங்கள், “மூட்டை தூக்குற உடம்பு, கத்தி பட்டா பலம் போயிடும், அப்புறம் வீடே உக்காந்துடும்” என்றீர்கள். எனக்கும் அதே பயம்தான். எட்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

ஒரு மாதம் இவளுக்கு ஆறு நாள் தள்ளிப்போனது. அந்த ஆறு நாளும் நாங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. ஏழாம் நாள் மாதவிலக்கு வந்துவிட்டது. பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஒரு ஊசி, அரை மணி நேரம், நடந்தே வெளியே வந்தேன். “பலம் இருக்கிற இடம் வேறப்பா, நான் கை வைக்கிற இடம் வேற” என்றார் டாக்டர். ஒரு வாரம் மட்டும் பாரம் தூக்கக் கூடாது என்றார்.

சிமெண்ட் கிடங்கில் உண்மையைச் சொல்ல முடியுமா? போன வருடம் இதே ஆபரேஷன் செய்துகொண்ட டிரைவருக்கு ‘ரிட்டயர்டு’ என்று பெயர் வைத்தவன் என்னோடு மூட்டை தூக்கும் ‘ரேடியோ’. வாய் ஓயாதவன். அதனால் கிட்னியில் கல் எடுத்தேன் என்றேன். மேஸ்திரி என்னை வாசலில் மூட்டை எண்ண உட்கார வைத்தார். வருகிறவன் போகிறவனெல்லாம் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று உயிரை எடுத்தான். பத்தாம் நாள் பழையபடி ஐம்பது கிலோ மூட்டை. தோள் மாறவில்லை, மச்சான்.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம் பரிசோதனை. உயிரணு பூஜ்யம் என்று வந்தது. “பள்ளிக்கூடத்துல முட்டை வாங்கி அழுதவரு, இதுக்குப் போய்ப் பல்லைக் காட்டுறீங்களே” என்றாள் இவள். அன்று மதியம் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். அப்படி அசந்து தூங்கிப் பார்த்து வருடமாகிறது.

நேற்று ரேடியோ என்னை மூட்டை அடுக்குக்குப் பின்னால் இழுத்துப்போனான். “கிட்னியில கல்லு எடுத்தவன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடப்பான். நீ ஏன்டா அப்போ காலை அகட்டி நடந்தே?” என்றான். மானம் போயிற்று என்று நினைத்தேன். அவனோ குரலைத் தாழ்த்தி, “எனக்கும் ஒரு கல்லு இருக்கு, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு” என்றான். திங்கட்கிழமை நானே கூட்டிப்போகிறேன்.

உங்கள் வீட்டு அக்காவுக்கும் நாள் தள்ளிப்போய்ப் பிறகு வந்ததாக இவளிடம் போனில் சொன்னார்களாம். குரல் நடுங்கியதாம். உங்களுக்கு மூன்று பிள்ளைகள். நீங்கள் தூக்குவதும் பில் புத்தகம்தான். எதற்கும் கல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், மச்சான்.

உங்கள் தங்கையைக் கொடுத்தபடியே பத்திரமாக வைத்திருக்கும்,
மாப்பிள்ளை.