வலி சொல்லாத முழங்கால்

பாப்பாவுக்கு,

முழங்கால் வைத்தியம் முடிந்தது. ஊசி வழியாக நரம்பில் சூடு வைத்தார்கள்.

"தேய்மானம் சரியாயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது அப்படியேதான் இருக்கு. வலிக்குதுன்னு மூளைக்குப் போய்ச் சொல்ற நரம்பைத்தான் நிறுத்தியிருக்கோம்."

எனக்கு ஒரே ஆச்சரியம். உன் அம்மாவோ, "பாப்பா வீட்டுல லிஃப்ட் இல்லைன்னு இனிமே சாக்கு சொல்ல முடியாது" என்றாள்.

நேற்று, நீ வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, உன் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஏறினேன். உன் கணவர்தான் கதவைத் திறந்தார். உங்கள் கல்யாணத்துக்குக்கூட வராத என்னிடம், "வாங்க மாமா, கால் எப்படி இருக்கு?" என்றார். சூடு வைத்தபோது வலித்ததா, எவ்வளவு நாள் தாங்கும் என்று என்னைவிட அதிகமாகத் துருவித் துருவிக் கேட்டார்.

நரம்பு திரும்ப வளர்ந்தால் வலியும் வருமாம். வரட்டும். அப்போதும் ஏறி வருவேன்.

அப்பா