ஜும்பாவின் மூன்று ரிப்போர்ட் கார்டுகள்

டிசம்பர் 23, இரவு

எட்டாவது வரை யாரையும் ஃபெயிலாக்கி அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றிருந்த சட்டம் மாறிவிட்டது. இனி எட்டாவதிலேயே நிறுத்தலாம். இங்கே டிசம்பரோடு பள்ளி ஆண்டு முடிகிறது; இன்று ரிசல்ட். கணக்கில் ஜும்பாவுக்கு ஃபெயில் போட்டது நான்தான்.

மதியம் அவள் அப்பா வந்தார். டாலிகஞ்ச் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவரோ பிளாஸ்டிக் கவரிலிருந்து மூன்று பழைய கார்டுகளை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. மூன்றிலும் கணக்குக்கு நேரே 'நன்று' என்று நான் எழுதியிருக்கிறேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, திதிமணி. பக்கத்து வீட்ல குடுத்து வாசிக்கச் சொல்வேன். அப்பவே சொல்லியிருந்தா டியூஷன் வெச்சிருப்பேனே" என்றார் பெங்காலியில்; டீச்சரை இங்கே திதிமணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு வகுத்தல் வராது என்று ஐந்தாவதிலேயே எனக்குத் தெரியும். எப்படியும் பாஸ்தானே என்று எழுதிவிட்டேன். அவர் கார்டுகளைக் கசங்காமல் எடுத்துக்கொண்டு போனார். ஜும்பா வாசலிலேயே நின்றிருந்தாள். ஃபெயிலானவர்களுக்கு இரண்டு மாதத்தில் வைக்கும் மறுபரீட்சைக்கு அவளை அனுப்புவாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். "சட்டத்த மாத்தினா நீ என்ன பண்ணுவே? விடு" என்றார்.

நாளை ஆறாம் வகுப்புக்கு ரிசல்ட். அவர்களை இன்னும் நிறுத்த முடியாது. எல்லோரும் பாஸ். எட்டு கார்டு எழுதிவிட்டேன். எட்டிலும் 'நன்று'. ஒன்பதாவது கார்டு தியாவுடையது.

அவளுக்கும் வகுத்தல் வராது.